வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு கிளெமென்றின் பிக்கப் நேராக நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

ஒழுங்கையிலேயே வாகனம் திருத்தும் மெக்கானிக் மெல்ரோய் பாஸ் ஜக்கை மெல்ல இறக்கினான். பின்சில்லுகள் இரண்டும் நிலத்தைத் தொட்டன. வண்டியின் பின்பக்கம் ஒருமுறை குலுங்கி அமர்ந்தது. காலையில் இருந்ததைவிட நான்கு விரற்கடை உயர்ந்துதான் நின்றது. ஆனால் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. கண்ணுள்ள எவருக்கும் தெரியும்படி தாழ்ந்திருந்தது.

“அங்கிள், ஒருக்கா வந்து பாருங்கோ. எனக்குக் கண்ணில ஏதும் பிழையோ தெரியேல்ல.”

கிளெமென்ற் வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“புது ஸ்பிரிங் பிளேட் தானே போட்டனீ?”

“காலமை ஏழு மணியில இருந்து என்னத்தைச் செய்தனான் எண்டு நினைக்கிறீங்க? துருப்பிடிச்ச யூ போல்ட்டை கிரைண்டரால வெட்டி, பழைய செட்டை இறக்கி, புஷ் எல்லாம் புதுசு போட்டு, யூ போல்ட்டும் புதுசு. பாரம் சில்லில இறங்கின பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்குவன். ஒண்டும் விடேல்ல.”

அவன் பொய் சொல்லவில்லை. பழைய வில்தகடுகள் வடிகான் ஓரமாகக் கிடந்தன. வில் போல வளைந்திருக்க வேண்டியவை தட்டையாகி, இடப்பக்கத்தது எதிர்ப்பக்கமாகவே வளைந்து போயிருந்தது. பாரம் ஏற்றாமலே வண்டி பின்னால் குந்தியிருந்ததற்கு அதுதான் காரணம். வழியில் பொலிஸ்காரர்கள் மறித்து, “என்ன ஒளிச்சுக் கொண்டுபோறீர்?” என்று கேட்கும் அளவுக்குக் குந்தியிருந்தது.

சரி, அவற்றைக் கழற்றியாயிற்று. புதியவை ஏறியாயிற்று. இன்னும் ஏன் சாய்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாதாவின் சுற்றுப்பிரகாரம். இடையில் முழுதாக இரண்டு நாள்கூட இல்லை.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த குறுகிய ஒழுங்கையின் நடுவில், குகை போலக் கட்டிய ஒரு சிறிய மாதா கெபி உண்டு. வருடம் ஒருமுறை திருநாளில் மாதாவின் சுருவத்தை, அந்தப் பெரிய சிலையை, வாகனத்தில் ஏற்றி நாலு தெருவும் சுற்றி வருவார்கள். 1995ல் கிளெமென்றின் மனைவி மெற்றில்டா பெரியாஸ்பத்திரியில் கிடந்தாள். டொக்டர்மார் கையை விரித்த நாளில், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த கிளெமென்ற் இந்தக் கெபிக்கு முன்னால் முழங்காலில் நின்று வாய்விட்டுச் சொன்னார்: “தாயே, இவளைத் தா. முப்பது வருஷம் உன்னை என்ர வாகனத்தில கொண்டு திரியிறன்.”

அப்போது அவரிடம் சைக்கிள்கூட இருக்கவில்லை.

மெற்றில்டா எழும்பி வந்தாள். அடுத்த வருடமே எப்படியோ இந்த ஜப்பான் பிக்கப்பை வாங்கினார். கொரோனா வருடத்தில் சனமே இல்லாமல் பாதரும் அவரும் சுருவமும் மட்டுமாக வெறும் தெருவைச் சுற்றினார்கள். அதையும் சேர்த்து இருபத்தொன்பது வருடம் முடிந்துவிட்டது. இந்த ஞாயிறு முப்பதாவது.

ஆனால் போன வருடம் சந்தி திரும்பும்போது வண்டி இடப்பக்கம் சரிய, சுருவமும் சரிய, நாலு பேர் பாய்ந்து பிடிக்க வேண்டியதாகிவிட்டது. திருநாள் கொமிட்டித் தலைவி லவினா மிஸ் இந்த முறை ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

“கிளெமென்ற், ஞாயிறு நாலு மணிக்கு கெபிக்கு முன்னால சுருவத்தை ஏத்துவம். கெபிச் சிலுவையோட பக்கம் பாத்து நேரா நிண்டா உம்மட வண்டி. சரிஞ்சு நிண்டா ரெனால்டின்ர லொறி. பிறகு என்னோட கதைக்கக் கூடாது.”

ரெனால்ட் கிளெமென்றின் அக்கா மகன். போன மாதம்தான் புத்தம் புது லொறி எடுத்திருந்தான்.

முப்பதில் ஒன்று குறைந்தால் அது நேர்த்தி ஆகுமா? கிளெமென்ற் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மறுபடி கழற்றிய இரண்டு வில்தகட்டுக் கட்டுகளையும் ஒரு த்ரீவீலில் போட்டுக்கொண்டு இருவரும் பஞ்சிகாவத்தைக்குப் போனார்கள். உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன்தான் அவற்றை விற்றவர்.

“என்ன பாஸ், புதினமா ஈக்கிதே! என்ட சாமான் சரியில்லண்டு ஒத்தரும் திருப்பிக் கொணந்ததில்ல.”

“நானா, ஒண்டு தாழுது, ஒண்டு நிமிருது. ரெண்டு வேற வேற வாகனத்திட பிளேட்டைக் கலந்து தந்திட்டீங்களோ?”

இஸ்ஸதீன் இரண்டு கட்டுகளையும் சீமெந்துத் தரையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தினார். தகடுகளை எண்ணினார். ஐந்து, ஐந்து. ஒவ்வொன்றின் தடிப்பையும் கலிப்பரால் அளந்தார். வளைவின் நடுவிலிருந்து தரைக்கு அங்குல நாடா பிடித்தார். பிறகு நாடாவைக் கிளெமென்றின் கையில் கொடுத்தார்.

“இந்த ஹாஜியார் பொய் செல்லுவார், நாடா பொய் செல்லாது. நீங்களே அளந்து பாருங்க.”

கிளெமென்ற் அளந்தார். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

“ரெட்டப் புள்ளயள் மாதிரி ஈக்கிது. இதுல என்ன குத்தம்?” என்றார் இஸ்ஸதீன். “இடத்தையும் வலத்தையும் மாத்திப் போட்டுப் பாருங்க. பிளேட்டுல பிழையிருந்தா வலது தாழணும். அப்பயும் இடது தாழ்ந்தா, குத்தம் என்ட சாமான்ல இல்ல. உங்கட வாகனத்துல.”

நியாயமான பேச்சு. திரும்பி வந்து மாற்றிப் போட்டார்கள். இடது வலதுக்கு, வலது இடதுக்கு. மெல்ரோய் ஜக்கை இறக்கினான். கிளெமென்ற் வண்டியின் பின்னால் குந்தியிருந்து பார்த்தார்.

இடப்பக்கம்தான் தாழ்ந்தது.

“அப்ப செசி,” என்றான் மெல்ரோய் தணிந்த குரலில். “அடிச்சட்டம் வளைஞ்சிருக்கு அங்கிள். ஆரோ எங்கயோ கொண்டுபோய் நல்லாக் குடுத்திருக்கினம். கடைசியா வாகனத்தை ஆர் இரவல் எடுத்தது?”

கிளெமென்றின் மூளைக்குள் ஒரு பெயர் மின்னியது.

ரெனால்ட்!

லொறி வாங்குவதற்கு முன், ஜனவரியில், சீமெந்து ஏற்ற என்று இரண்டு நாள் வண்டியை வாங்கிப் போனவன் அவன். சுருவத்தைத் தன் லொறியில் ஏற்றக் காத்திருப்பவனும் அவன். கிளெமென்றுக்கு இரண்டும் இரண்டும் நாலாகத் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் ரெனால்டின் வீட்டு வாசலில் நின்றார்.

“டேய், உண்மையைச் சொல்லு. என்ர வண்டியை எங்க அடிச்சனீ?”

சனிக்கிழமை என்பதால் அப்போதுதான் எழும்பிய ரெனால்ட் பல் துலக்கிக்கொண்டு வந்தான். வாயில் நுரை.

“என்ன மாமா?”

“சட்டம் வளைஞ்சிருக்கு.”

அவன் நுரையைத் துப்பிவிட்டுத் தலையைச் சொறிந்தான். “தெஹிவளையில ஒரு கல்லில சின்னதா முட்டினது. முன் பம்பர். ஒரு கீறல். நீங்க பேசுவீங்க எண்டு சொல்லேல்ல.”

“பாத்தியா!”

“முன் பம்பர் கீறினா பின்பக்கம் ஏன் மாமா சரியும்?”

“உனக்கு சுருவத்தை ஏத்தோணும் எண்ட ஆசை” என்றார் கிளெமென்ற்.

ரெனால்டின் முகம் சுருங்கிவிட்டது. “லவினா மிஸ்தான் கேட்டவ. நானாப் போய்க் கேட்கேல்ல. மாதாவறிய எனக்குத் தேவையில்ல. வாங்கோ, சட்டத்தை அளந்து பாப்பம். நான் பிடிக்கிறன்.”

பிடித்தான். மெல்ரோய் கயிறு கட்டி, முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் குறுக்காக அளந்தான். வளைந்த சட்டம் என்றால் இரண்டு நீளமும் வேறுபட வேண்டும்.

இரண்டும் ஒரே நீளம்.

“சட்டம் நேர்,” என்றான் மெல்ரோய். நெற்றியில் கிறீஸ் பூசிக்கொண்டது தெரியாமல் வியர்வையைத் துடைத்தான். “பிளேட் சரி. சட்டம் சரி. ரயர் காத்தும் பாத்தாச்சு. வண்டி மட்டும் பிழை. எனக்கு விளங்கேல்ல அங்கிள். பதினேழு வருஷத்தில இப்பிடி ஒண்டைக் காணேல்ல.”

ரெனால்ட் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். கிளெமென்ற் அவனைக் கூப்பிட வாயெடுத்தார். கூப்பிடவில்லை.

விளங்காவிட்டால் என்ன, ஞாயிறு வந்துகொண்டே இருந்தது. மெல்ரோய் கடைசி ஆயுதத்தை எடுத்தான். மேசன்மார் சுவர் பார்க்கும் மட்டப்பலகை ஒன்றை எங்கேயோ வாங்கி வந்து வண்டியின் பின்தட்டில் குறுக்காக வைத்தான். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி வலது பக்கமாக ஓடி நின்றது. இடது தாழ்வு, சந்தேகமே இல்லை.

“இடப்பக்கத்துக்கு ஒரு பிளேட் கூடப் போடுறன். தேவையெண்டால் அடியில ஒரு கட்டையும் வைப்பன். குமிழி நடுவுக்கு வருமட்டும் விடமாட்டன்.”

சனி மாலை ஐந்தரைக்குக் குமிழி நடுவுக்கு வந்தது. கெபியின் சிலுவைக் கம்பத்தோடு ஒட்டிப் பார்த்தார்கள். வண்டி கம்பத்தோடு ஒத்து நேராக நின்றது. மெல்ரோய் பின்தட்டில் தட்டிப் பாட்டுப் பாடினான். கிளெமென்ற் அவனைக் கட்டிப்பிடித்ததில் வெள்ளைச் சேட்டெல்லாம் எண்ணெய்.

வீட்டில் மெற்றில்டா திருநாளுக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். “சேட்டுக்கு என்ன நடந்தது?” என்றாள்.

“ஒண்டுமில்ல. எல்லாம் சரி” என்றார். நேர்த்தி அவள் பேரில் வைத்தது. அவளைக் கலங்கவைக்க அவருக்கு மனமில்லை. வண்டி சரிவதைப் பற்றி இரண்டு நாளாக அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கிளெமென்ற் வெள்ளவத்தைக்குப் போனார். அங்கே நாகேந்திரம் மின்விளக்கு அலங்காரங்கள் வாடகைக்குக் கொடுப்பவர். சுருவத்துக்குப் பின்னால் வைக்கும் விளக்கு வளைவு எப்போதும் அவரிடம்தான். சைவக்காரர்தான், ஆனால் மாதாவுக்கு என்றால் நல்ல வளைவாகப் பார்த்து எடுத்துவைப்பார்.

அவருடைய தொடர்மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பளிங்கு போல வழுவழுத்த தரையில் கிளெமென்ற் வண்டியை நிறுத்தினார். நாகேந்திரம் படியிறங்கி வந்தவர் பாதிப்படியில் நின்றுவிட்டார்.

“என்ன கிளெமென்ற், உங்கட வாகனம் வலப்பக்கமாக் குனிஞ்சு என்னத்தைத் தேடுது?”

“வலப்பக்கமோ? இடப்பக்கமோ?”

“எனக்கு இடம் வலம் தெரியாதோ! ட்ரைவர் சைட் பதிஞ்சு கிடக்கு. கொஞ்சம் சோத்தைக் குறையுங்கோ.”

கிளெமென்ற் கதவைத் திறந்து குதித்தார். அவர் இறங்கியும் வண்டி நிமிரவில்லை. வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நேற்றுவரை இடப்பக்கம் சாய்ந்த வண்டி! நேற்று மாலை நேராக நின்ற வண்டி!

விளக்கு வளைவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காலி வீதியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். வலம். கொள்ளுப்பிட்டியில் ஒரு கண்ணாடிக் கடைக்கு முன்னால் நிறுத்தி வண்டியின் விம்பத்தைப் பார்த்தார். வலம். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்னை விடாமல் அடித்தான். புதிதாய்ப் போட்ட தகடு உடைந்துவிட்டதா? கட்டை நழுவியதா? கொட்டாஞ்சேனைக்கு ஓட்டினார்.

ஒழுங்கைக்குள் நுழைந்து, மெல்ரோயின் வாசலில் நிறுத்தினார்.

“மெல்ரோய்! ஓடி வா! வலப்பக்கம் விழுந்திட்டுது!”

மெல்ரோய் வாயில் பாணோடு ஓடி வந்தான். மட்டப்பலகையை வைத்தான்.

குமிழி நடுவில் நின்றது. அசையவேயில்லை.

“அங்கிள், இரவு நித்திரை கொண்டனீங்களோ?”

“நாகேந்திரமும் கண்டவர்! வலம் எண்டு அவர்தான் முதல் சொன்னவர்!”

“அவர் நித்திரை கொண்டவரோ?”

அந்த ஒழுங்கை ஒருவழி. ஒரு முனையால் நுழைந்தால் மறுமுனையால்தான் வெளியேறலாம். நடுவில் எந்த வாகனத்தையும் திருப்ப இடமில்லை. கிளெமென்ற் வண்டியை எடுத்து மறுமுனையால் பெரிய தெருவுக்குப் போனார். இறங்கிப் பார்த்தார். வலம். சுற்றி வந்து ஒழுங்கைக்குள் நுழைந்தார். நேர். மறுபடி வெளியே. வலம். மறுபடி உள்ளே. நேர். பிரஷர் குளிசையைக் காலையில் ஒன்று போட்டோமா இரண்டு போட்டோமா என்று நினைத்துப் பார்த்தார். நினைவில்லை. மூன்றாவது சுற்றில் அவர் வீட்டைக் கடந்தபோது மெற்றில்டா வாசலுக்கு வந்துவிட்டாள்.

“என்ன, சுற்றுப்பிரகாரம் இப்பவே துவங்கிட்டுதோ?”

வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். இனி மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். இஸ்ஸதீன், நாடா, கயிறு, ரெனால்ட், கூடப் போட்ட தகடு, வெள்ளவத்தை. “வீட்டுக்கு வந்தா நேரா நிக்குது மெற்றி. வெளிக்கிட்டாச் சரியுது. நான் என்ன செய்ய?”

மெற்றில்டா முழுவதையும் கேட்டாள். பிறகு, மட்டப்பலகையோடு வண்டிக்குப் பின்னால் ஓடிவந்திருந்த மெல்ரோயிடம் திரும்பினாள்.

“உந்தக் குமிழிப் பலகையை நிலத்தில வச்சுப் பாத்தனியோ?”

“நிலத்தில எதுக்கு அன்ரி? வாகனம்தானே சரியுது.”

“வை.”

மெல்ரோய் ஒழுங்கையின் கொங்கிறீட்டில் குறுக்காக வைத்தான். குமிழி ஒரே ஓட்டமாக ஓடி வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்று வீடு தள்ளி வைத்தான். அங்கேயும் அப்படியே. கெபிக்கு முன்னால் வைத்தான். அங்கேயும் அதே ஓட்டம்.

“லேன் சரிவு” என்றாள் மெற்றில்டா. “ஹெந்தளையில இருந்து கலியாணம் கட்டி வந்த புதுசில எனக்குத் தலை சுத்துமே, மறந்திட்டீங்களோ? அல்மாரிக்கு அடியில காட்போட் மடிச்சு வச்சது ஆர்? கட்டிலுக்கு ஒரு பக்கம் செங்கல் வச்சது ஆர்?”

“அது... நீ ஏதோ பொம்பிளையளின்ர வேலை எண்டு...”

“ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே.”

மழை பெய்தால் தண்ணீர் எல்லாம் மெல்ரோயின் பக்க வடிகானுக்குத்தான் ஓடும் என்று அந்த ஒழுங்கையில் பிறந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒழுங்கை சரிவு என்று ஒருத்தருக்கும் தெரியாது. கிளெமென்ற் அங்கே பிறந்தவர். மெல்ரோயும் அங்கே பிறந்தவன். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த லவினா மிஸ்ஸும் அங்கே பிறந்தவர்.

“அப்ப வெள்ளிக்கிழமையே வண்டி சரி,” என்றான் மெல்ரோய் மெதுவாக. “இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல இந்தச் சரிவில நிண்டபடியால்தான் பழைய இடப்பக்கம் கூடச் செத்திருக்கு. நானாவின்ர பிளேட்டில ஒரு பிழையும் இல்ல. நான்தான் சரியா இருந்ததைப் பிழையாக்கியிருக்கிறன்.”

மணி பன்னிரண்டரை.

இப்போதுதான் உண்மையான குழப்பம் தொடங்கியது. கூடப் போட்ட தகடு இருந்தால், நாலு மணிக்குக் கெபிக்கு முன்னால் சுருவம் நேராக நிற்கும். லவினா மிஸ் தலையாட்டுவார். பெரிய தெருவுக்குப் போனதும் வலப்பக்கம் சரியும். தகட்டைக் கழற்றினால் தெருவில் நேராக நிற்கும். ஆனால் கெபிக்கு முன்னால் சரியும். லவினா மிஸ் ரெனால்டைக் கூப்பிடுவார்.

மெல்ரோய் குரலைத் தாழ்த்தினான். “அங்கிள், அப்பிடியே விடுங்கோ. லேனில பாஸ் பண்ணினாப் போதும். றோட்டுக்குப் போன பிறகு சுருவத்தை ஆர் இறக்கப் போறாங்க? முப்பதும் முடிஞ்சிடும்.”

கிளெமென்ற் யோசித்தார். முப்பது. எவ்வளவு சுலபம்! தெருவில் கொஞ்சம் சரிந்தால் என்ன? போன வருடமும் சரிந்ததுதானே, நாலு பேர் பிடித்தார்களே.

நாலு பேர். அதில் ஒருவன் கால் சில்லுக்குள் போகவிருந்தது நினைவுக்கு வந்தது. சந்தியில் இரண்டு பக்கமும் சின்னப்பிள்ளைகள் மெழுகுதிரியோடு நிற்பார்கள்.

மெற்றில்டாவைப் பார்த்தார். அவள் கட்டிய பூமாலையை மடியில் வைத்தபடி வாசற்படியில் இருந்தாள்.

“என்ர பேரில வச்சது” என்றாள். “ஆரும் காயப்பட்டு முடியவேண்டாம். முடியாட்டியும் பறவாயில்ல.”

“கழட்டு மெல்ரோய்” என்றார் கிளெமென்ற்.

மெல்ரோய் ஒரு கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தான்.

மூன்று ஐம்பதுக்கு வேலை முடிந்தது. நாலு மணிக்குக் கெபிக்கு முன்னால் சனம். பத்துப் பேர் சேர்ந்து சுருவத்தைத் தூக்கி, பின்தட்டில் பூட்டிய பலகை மேடையில் வைத்து இறுக்கினார்கள். லவினா மிஸ் பத்தடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடி, சுருவத்தையும் சிலுவைக் கம்பத்தையும் ஒட்டிப் பார்த்தார்.

“சரிவு.”

“மிஸ், வண்டி சரி. லேன்தான் சரிவு.”

கூட்டம் வெடித்தது.

“என்ன விசர்க்கதை! எங்கட லேனோ?”

“வண்டி பழசு எண்டு சொல்ல வெக்கம், லேனில பழி!”

“எங்கட தாத்தா காலத்தில இருந்து ஒருத்தருக்கும் சரியாத லேன்!”

மெல்ரோய் மட்டப்பலகையை நிலத்தில் வைத்துக் காட்டினான். லவினா மிஸ் குனிந்து பார்த்தார். “இதை எங்க வாங்கினீர்? இது பழுது” என்றார். “ரெனால்ட்! லொறியை எடும்.”

ரெனால்ட் எடுத்தான். கிளெமென்றின் வண்டி முன்னால் நகர, புத்தம் புது லொறி கெபிக்கு முன் வந்து நின்றது. சுருவத்தை இறக்கி அதில் ஏற்றினார்கள். கிளெமென்ற் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தொன்பது. இருபத்தொன்பதோடு சரி.

பத்தடி பின்னால் போன லவினா மிஸ் ஒரு கண்ணை மூடினார். திறந்தார். மற்றக் கண்ணை மூடினார்.

“ரெனால்ட், இந்த லொறியை எங்க எடுத்தனீர்?”

“ஏன் மிஸ்?”

“இதுவும் சரிவு.”

“ஷோறூமில இருந்து வந்து ஒரு மாதம் மிஸ்!”

“ஏமாத்திப் போட்டாங்கள்” என்றார் கூட்டத்தில் ஒருவர். “இப்ப வாற புது வாகனமெல்லாம் இப்பிடித்தான்.”

“ரெண்டுமே பழுது. வேற ஆரிட்ட வாகனம் இருக்கு?”

ஒழுங்கை சரிவு என்று நம்புவதைவிட, உலகத்து வாகனமெல்லாம் பழுது என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ரெனால்ட் மட்டும் வாயைத் திறந்தபடி தன் லொறியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். காலுக்கடியில் நிலத்தைப் பார்த்தான்.

“மாமா,” என்றான். “அப்ப நீங்க சொன்னது...”

“நேற்று உனக்குச் சொன்னதுதான் பிழை” என்றார் கிளெமென்ற். “வாசலில வந்து நிண்டு கத்தினனான். மன்னிச்சுக் கொள்ளடா.”

ரெனால்ட் லொறியின் மேல் ஏறினான். “மிஸ்! நாலே முக்கால். இஞ்ச நிண்டு எந்த வாகனத்தை ஏத்தினாலும் இதுதான். சுருவத்தைத் தோளில தூக்குவம். பெரிய றோட்டில கொண்டுபோய் ஏத்துவம். மாமான்ர வண்டியில. அங்கயும் சரிஞ்சா என்ர லொறியைக் கூப்பிடுங்கோ, வாறன்.”

பாதர் வெள்ளங்கியோடு வந்துவிட்டார். “தோளில தூக்குவதும் நல்லதுதான்” என்றார், என்ன நடக்கிறது என்று விளங்காமலே. பாதர் சொன்னால் லவினா மிஸ்ஸுக்கு மறுபேச்சு இல்லை.

பத்துப் பேரின் தோளில் மாதா ஒழுங்கையை விட்டு வெளியேறினாள். கிளெமென்ற் முன்னால் போய்ப் பெரிய தெருவில் வண்டியை நிறுத்தினார். சுருவம் ஏறியது. லவினா மிஸ் இந்த முறை சிலுவைக் கம்பம் இல்லாததால் எதிரேயிருந்த ரெலிபோன் தூணோடு ஒட்டிப் பார்த்தார். இடமிருந்து பார்த்தார். வலமிருந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“நேர்” என்றார் கடைசியில். “எப்பிடி எண்டுதான் விளங்கேல்ல. சரி, வண்டியை எடும். நேரமாகுது.”

மணி அடித்தது. பட்டாசு வெடித்தது. கிளெமென்ற் கியரைப் போட்டார். வண்டி ஊர்ந்தது. சந்தியில் திரும்பியது. ஒருவரும் பாய்ந்து பிடிக்கவில்லை.

ஆனால் பின்னால் நிற்கும் சுருவம் கிளெமென்றுக்குத் தெரியவில்லை. சரிந்த ஒழுங்கையிலேயே பிறந்து வளர்ந்த உடம்பு மட்டும் சொன்னது, வண்டி வலப்பக்கம் விழுகிறது, விழுகிறது என்று. யன்னலோரமாக நடந்து வந்த மெற்றில்டாவைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

“மெற்றி, நேராத்தானே நிக்குது?”

“ஓம், நேராத்தான்.”

“எனக்கென்னவோ வலப்பக்கம் சரியிற மாதிரிக் கிடக்கு.”

மெற்றில்டா ஒரு கையில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை யன்னலுக்குள் விட்டு அவருடைய தோளைத் தொட்டாள்.

“அது நீங்கள். வண்டி இல்ல” என்றாள். “முன்னால பாத்து ஓட்டுங்கோ.”